மரம் பார்க்கக் கைநாட்டு வைத்தவர்கள்

ஒரு பெரிய மரத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டதில் சுப்பையனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆசை வந்தது 1959ஆம் வருஷம் ஆவணி மாதம். விரல்கள் போனது அதே வருஷம் மார்கழியில்.

அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. பல்லடத்துக்குத் தெற்கே வானம் பார்த்த மேட்டுக்காட்டில் பிறந்தவன். அங்கே மரம் என்றால் வேலாமரமும் பனையும்தான். மழை பொய்த்த ஒரு வருஷம் கோயமுத்தூரை ஒட்டிய சிங்காநல்லூருக்குப் பிழைக்க வந்து, ஒரு நூல் மில்லில் பஞ்சு உதறும் பிரிவில் சேர்ந்தான். அதைப் புளோரூம் என்பார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். மனைவி ராசாத்தாளுக்கும் அதே மில்லில்தான் வேலை, நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில். குளத்துக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றில் இருவரும் குடியிருந்தார்கள். சுப்பையன் வம்பு தும்புக்குப் போகாதவன். சங்கத்துக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் பாதியில் வீட்டுக்கு வந்துவிடுவான்.

அந்த ஆவணியில் மில் முதலாளி புது பங்களா கட்டிக்கொண்டிருந்தார். அதற்கான தேக்கு மரங்கள் லாரியில் வந்து மில் வளாகத்தில் இறங்கின. ஒருநாள் மதியம் சங்கிலியை அவிழ்க்கும்போது மேலே இருந்த மரம் உருண்டு, கீழே நின்ற கூலிக்காரர் ஒருவரின் பாதத்தின்மேல் விழுந்தது. அவர் போட்ட அலறல் மெஷின் சத்தத்தைத் தாண்டி உள்ளே கேட்டது. ஓடிப்போன பத்துப் பேரில் சுப்பையனும் ஒருவன். கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள். மரம் ஒரு சாண் எழும்பியபோது, பாதம் இருந்த இடத்தில் செம்மண்ணும் சதையும் குழைந்து கிடந்தன.

கூலிக்காரரைத் தூக்கிக்கொண்டு போனபிறகும் சுப்பையன் அங்கேயே நின்றான். மரத்தின் வெட்டுமுகம் அவன் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது.

லாரி டிரைவர் அரங்கசாமி பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, இத்தன பெரிய மரமெல்லாம் இருக்குதுங்களா?” என்று சுப்பையன் அவரைக் கேட்டான்.

“இதுங்களா? இது குட்டிங்க. ஆனமலையில டாப்சிலிப்புக்கு அக்கட்ட, காட்டுக்குள்ள ஒண்ணு நிக்குது. அஞ்சாளு கை கோத்தாலும் சுத்து எட்டாதுங்க. அண்ணாந்து பாத்தா தலத்துண்டு கீழ உழுந்துரும்.”

வீட்டுக்கு வந்ததும் சுப்பையன் ராசாத்தாளிடம் இதைச் சொன்னான். அவளுக்குக் கோபம் வந்தது.

“ஒரு மனுசனுக்குக் காலே போயிருச்சுங்கறாங்க. நீங்க என்னமோ மரத்தப் பேசீட்டு நிக்கறீங்க?”

“ரெண்டுந்தான் கண்ணுல நிக்குது அம்மணி. நான் என்ன பண்றது?”

புரட்டாசி வரைக்கும் அது பேச்சாகவே இருந்தது. பிறகு ராசாத்தாளே ஒருநாள், “பொங்க நோம்பிக்கு நாலு நா லீவு உடறாங்கல்ல. போனா என்ன?” என்றாள். இருவர் மட்டும் போக வழியில்லை. பொள்ளாச்சிக்கு மேல் காட்டுக்குள் பஸ் கிடையாது. முப்பது நாற்பது பேர் சேர்ந்தால் தனியாக ஒரு பஸ்ஸே பேசிவிடலாம் என்று தோன்றியது. சுப்பையன் முதலில் போய்க் கேட்டது பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் இருந்த தன் கூட்டாளி சீனிவாசலுவை. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். உறவில்லாவிட்டாலும் மாப்பிள்ளை முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“மரத்தப் பாக்கவா? பைத்தியமாடா உனக்கு?” என்று சீனிவாசலு சிரித்தான். அப்புறம், “சரி, என் பேரத்தான் முதல்ல எழுதோணும்” என்றான்.

அடுத்த நடை மரம் ஏற்றி வந்தபோது அரங்கசாமி ஒரு தகவல் சொன்னார். “காட்டுக்குள்ள போறதுன்னா சும்மா இல்லீங்க. பர்மிட் வேணும். வர்றவங்க அல்லாரு பேரும், வயசும், கையெழுத்தும் ஒரே காயிதத்துல வாங்கிக் குடுக்கோணும். கையெழுத்துத் தெரியாதவங்க கைநாட்டு வெக்கோணும். எல்லாம் ரூல்சுங்க.”

சுப்பையன் பெரிய காகிதம் ஒன்றும் மை டப்பா ஒன்றும் வாங்கினான்.

அதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. அந்த மாதம் மில் அறுபது பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. ரகசியமாக ஒரு புதுச் சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. மேஸ்திரி நரசிம்மலு வெளியிலிருந்து ஐந்து ஆட்களைக் கொண்டுவந்து கேட்டில் நிறுத்தினார். பார்ப்பதற்கு அவர்கள் மில் வேலைக்கு வந்தவர்களாக இல்லை. கார்த்திகையில் இரண்டு பேரை ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் மடக்கி அடித்துப் போட்டார்கள். ஒருவருக்குக் காது கேட்காமல் போயிற்று.

இதெல்லாம் சுப்பையனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தன் காகிதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவனுக்குப் படவில்லை. சாப்பாட்டு வேளையில் கேன்டீனுக்குப் பின்னால் வாகை மரத்தடியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெருவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தான்.

“மாப்ள, இப்ப வேண்டாம். நோம்பி போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்” என்று சீனிவாசலு தடுத்தான்.

“மரம் பாக்கப் போறதுக்கு ஆரு என்ன சொல்லப்போறாங்க?” என்றான் சுப்பையன்.

மார்கழி பிறந்து எட்டாம் நாள் காகிதத்தில் நாற்பது பேர் ஆகிவிட்டது. அதை மடித்து வீட்டில் சோளப் பானைக்குள் வைத்துவிட்டு அவன் காலை ஷிப்டுக்குப் போனான். பகல் பதினொரு மணிக்கு நரசிம்மலு ஆள் அனுப்பிப் பஞ்சு குடோனுக்குக் கூப்பிட்டார். உள்ளே பேல் என்கிற பஞ்சுப் பொதிகளுக்கு நடுவில் மூன்று ஆட்கள் நின்றிருந்தார்கள். அவன் நுழைந்ததும் இரும்புக் கதவைச் சாத்தினார்கள்.

“எத்தன பேருடா சேந்திருக்காங்க?” என்று நரசிம்மலு கேட்டார்.

“நாப்பது பேருங்க மேஸ்திரி” என்றான் சுப்பையன், சந்தோஷமாக. மேஸ்திரியும் வரப் பிரியப்படுகிறாரோ என்று நினைத்துவிட்டான்.

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அவன் பேலில் மோதி நிமிர்வதற்குள் ஒருவன் பின்னாலிருந்து முடியைப் பிடித்தான். இன்னொருவன் வயிற்றில் முழங்காலால் இடித்தான். மூச்சு வரவில்லை. கீழே விழுந்தவனைப் பேல் கட்டும் இரும்புப் பட்டையால் விளாசினார்கள். சட்டை கிழிந்து, முதுகுத் தோலும் அதோடு வந்தது.

“மரம் பாக்கப் போறதுக்குங்க! பொங்கலுக்கு டாப்சிலிப் போறமுங்க மேஸ்திரி! பர்மிட்டுக்குங்க!”

நரசிம்மலு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். “மில்லுல வேலை செய்யறவன் எவனாச்சும் பஸ்ஸு பேசீட்டு மரம் பாக்கப் போவானா? எங்கடா அந்தக் காயிதம்? மரத்துக்குத்தான்னா கொண்டாந்து காட்டு. பாத்துட்டு உட்டர்றேன்.”

சுப்பையன் வாயைத் திறந்தான். வீட்டில் இருக்கிறது என்று சொல்லத்தான் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காகிதத்தில் மரம் என்று ஒரு வார்த்தை கிடையாது. இருந்ததெல்லாம் பெயர், வயது, பிரிவு, கைநாட்டு. அதைப் பார்த்தால் யாரும் மரத்தை நம்பமாட்டார்கள். நாற்பது பேரும் இந்தக் குடோனுக்கு வரவேண்டியிருக்கும். அதில் ஒன்பது பேர் பெண்கள்.

“தொலைஞ்சு போச்சுங்க” என்றான்.

அவன் இடது கையைப் பிடித்துத் தராசு மேடையின் ஓரக் கல்லில் விரித்து வைத்தார்கள். ஒருவன் மணிக்கட்டின்மேல் ஏறி நின்றான். இன்னொருவன் பஞ்சு நிறுக்கும் பெரிய எடைக்கல்லைத் தூக்கினான்.

“எங்க?”

“தொலைஞ்சு போச்சுங்க சாமி.”

கல் விழுந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுக்கணுவோடு நசுங்கின. சுப்பையன் தன் குரலைத் தானே கேட்டான். ஆட்டை அறுக்கும்போது வருகிற சத்தம் அது. வேட்டி நனைந்தது. கல் மறுபடியும் மேலே போனது.

“காயிதம் போகட்டும். ஒரு பேரச் சொல்லு. ஒண்ணு போதும். உட்டர்றேன்.”

“சீனிவாசலு” என்றான் சுப்பையன். பட்டியலில் முதலில் இருந்த பெயர் அது. அடுத்த விரலைக் காப்பாற்றிக்கொள்ள நாக்கில் வந்ததும் அதுதான். பிறகு அவனுக்கு நினைவில்லை.

அதே நேரத்தில் மற்ற இரண்டு ஆட்கள் அவன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ராசாத்தாளுக்கு அன்று மாலை ஷிப்ட். வாசலில் உட்கார்ந்து தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள்.

“உம்பட ஊட்டுக்காரரு அந்தக் காயிதத்த வாங்கீட்டு வரச் சொன்னாரு” என்றான் ஒருவன்.

“அவரு ஏனுங்க வரல?”

“வேலையா இருக்காரு. எடும்மா வெசயா, நேரமாவுது.”

அவன் சட்டையில் இருந்த ரத்தப் பொட்டுகளை ராசாத்தாள் பார்த்தாள். எழுந்து உள்ளே போய், காகிதத்துக்குப் பதிலாகச் சோளத்தட்டு அறுக்கும் அருவாளை எடுத்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

“ஏனுங்க, காலெடுத்து உள்ள வெச்சீங்கன்னா வெட்டிப்போடுவேனுங்க.”

அவள் மரியாதையாகச் சொன்னதால் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. ஒருவன் அவளைத் தள்ளிவிட்டு உள்ளே நுழையக் கையை நீட்டினான். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் அருவாள் இறங்கியது. வெள்ளை எலும்பு தெரிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் ஒரு செங்கல்லை எடுத்து அவள்மேல் வீசினான். அது தோளில் பட்டது. அருவாள் கையைவிட்டுப் போகவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் உலக்கையும் துடைப்பமுமாகக் கூடிவிட்டார்கள். அவர்கள் இருவரும் ரத்தம் சொட்டச் சொட்டக் குளத்துப் பக்கம் ஓடினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சுப்பையனின் இரண்டு விரல்களையும் அடியோடு எடுத்துவிட்டார்கள். மில்லிலிருந்து ஒரு காகிதம் வந்தது. வேலை நேரத்தில் கவனக்குறைவாக மெஷினில் கையை விட்டுவிட்டான் என்று அதில் எழுதியிருந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் அதைப் படித்துக்காட்டி, “கையெழுத்துப் போடு” என்றார். சுப்பையன் போட்டான். ராசாத்தாள் அப்போது கஞ்சி வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும், இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அதே வார்டுக்குச் சீனிவாசலுவைத் தூக்கி வந்தார்கள். குளத்து மேட்டில் பட்டப்பகலில், சைக்கிளோடு சாய்த்துப் போட்டு, வலது முழங்காலில் இரும்புக் கம்பியால் அடித்திருந்தார்கள். மூட்டுச் சிப்பி தூளாகிவிட்டது. தடுக்க வந்த மாட்டுக்காரர் ஒருவருக்கும் மண்டை உடைந்தது.

கட்டுப் போட்டபிறகு சுப்பையன் அவன் கட்டிலுக்குப் போய் நின்றான். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் போனான்.

“மாப்ள, உம் பேர நாந்தான் சொன்னேன்.”

சீனிவாசலு அவனையே பார்த்தான். “முப்பத்தொம்பது பேரு இருக்கறப்ப, என்னையா சொன்ன?”

“வாயில வந்துருச்சு.”

கட்டில் பக்கத்தில் கனமான பித்தளைச் செம்பு இருந்தது. சீனிவாசலு அதை எடுத்து முழு பலத்தோடு சுப்பையனின் நெற்றியில் அடித்தான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. சுப்பையன் நகரவில்லை. சீனிவாசலு இரண்டாம் முறையும் அடித்தான். நர்ஸ் ஓடிவந்து செம்பைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் சுப்பையன் யாரைக் காட்டிக்கொடுத்தான் என்பதைச் சீனிவாசலு வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவனும் விளக்கியதில்லை.

அதனால் மில்லில் வேறு கதை பரவியது. ரெண்டு விரல் போயும் சுப்பையன் ஒரு பேரும் சொல்லவில்லை என்றார்கள். மரம் பார்க்கக் கைநாட்டு வைத்தவர்களில் பெரும்பாலானோர் ஒரே வாரத்தில் நிஜமாகவே புதுச் சங்கத்தில் சேர்ந்தார்கள். அடிதான் என்று ஆனபிறகு எதற்காகப் பயப்படுவது என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. நரசிம்மலு, இல்லாத ஒரு சங்கத்தைத் தேடிப் போய், இருக்கிற சங்கம் ஆக்கிவிட்டார்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, பகல் ஷிப்ட் விட்டுச் சங்கு ஊதிய நேரத்தில், மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நரசிம்மலு தனியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆட்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். முதலில் ஒருவன் அவர் கையிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டான். சுடு டீ மடியில் கொட்டியது. அவர் எழுந்து அவனை அறைந்தார். அவ்வளவுதான், முப்பது பேர் பாய்ந்தார்கள். பெஞ்சு உடைந்தது. அவரைக் காலைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துவந்தார்கள். தார் ரோட்டில் முகம் உரசிக்கொண்டே வந்தது. உடைந்த பெஞ்சுக் காலால் ஒருவன் தாடையில் அடித்தபோது எலும்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

சுப்பையன் கையில் கட்டோடு அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தான். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிச் சம்பளப் பாக்கி கேட்பதற்காக மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தான். கூட்டம் அவனுக்கு வழிவிட்டது.

“சுப்பையா, வா. உன் பங்குடா இது.”

நரசிம்மலு தலையைத் தூக்கிப் பார்த்தார். வாயிலிருந்து ரத்தமும் பல்லும் ஒழுகின. சுப்பையன் பிற்பாடு இதைச் சொல்லும்போது எதையும் மறைக்கமாட்டான். அந்த ஆளை அன்றைக்கே கொன்றுவிடவேண்டும் என்று இருந்ததாம். இரக்கம் என்று ஒன்று பக்கத்தில்கூட வரவில்லையாம். வலது காலைப் பின்னுக்கு இழுத்து, முகத்தைக் குறிவைத்து, உடம்பு பலத்தையெல்லாம் கூட்டி உதைத்தான்.

அந்த நொடியில் ஒரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து நரசிம்மலுவின்மேல் குப்புற விழுந்தாள். அவர் மனைவி அம்புஜம். மில் குடியிருப்பு லைன் வீட்டிலிருந்து சத்தம் கேட்டு ஓடிவந்திருந்தாள். உதை அவள் விலாவில் விழுந்தது. அவளிடமிருந்து கத்தல் வரவில்லை. காற்று போன மாதிரி ஒரு முனகல் மட்டும் வந்தது. கண்ணைத் திறந்தபடியே பக்கவாட்டில் சரிந்தாள்.

கூட்டம் கலைந்தது. சுப்பையன் மட்டும் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

நான்கு பேர்மேல் கேஸ் ஆயிற்று. அம்புஜத்துக்கு இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. கோர்ட்டில் வக்கீல் சுப்பையனின் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அவன் காட்ட மறுத்துவிட்டான். “அந்தம்மாவ உதைச்சது நாந்தானுங்க” என்று மட்டும் சொன்னான். ஆறு மாதம் கோயமுத்தூர் ஜெயிலில் இருந்தான். அங்கேயும் அடிதடி இல்லாமல் இல்லை. நீர் மொள்ளும் வரிசையில் ஒருவன் அவனுடைய ஊனக் கையை வேண்டுமென்றே மிதித்தான். சுப்பையன் அவன் காதைக் கடித்துப் பிய்த்துவிட்டான். அதற்காகப் பத்து நாள் தனி அறையில் போட்டார்கள். ராசாத்தாள் பார்க்க வந்தபோது, “நான் இப்பிடி ஆயிட்டனே அம்மணி” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“ஆனது ஆயிருச்சுங்க. வெளிய வாங்க, பேசிக்கலாம்” என்றாள் அவள். அவளையும் மில்லிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். கடலைக்காய் உடைக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தவனுக்கு அரங்கசாமிதான் வேலை வாங்கிக்கொடுத்தார். தான் மரம் இறக்கும் மரக்கடையில் அடுக்கு பார்த்துக்கொள்கிற வேலை. நடந்ததையெல்லாம் கேட்டதிலிருந்து அரங்கசாமி அவன் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. சுப்பையன் அதைக் கவனித்தான், காரணம் புரியவில்லை. அடுத்த தை பிறப்பதற்கு முன் அவரே வந்து, “நோம்பிக்கு லாரி சும்மாதான் நிக்குதுங்க. வர்றவங்கள ஏத்தீட்டுப் போயி அந்த மரத்தக் காட்டீட்டு வந்தர்லாம். வாடகையெல்லாம் ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

நாற்பது பேரில் பதினோரு பேர் வந்தார்கள். மற்றவர்களில் சிலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள்; சிலருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே வேர்த்தது. சீனிவாசலு வருவான் என்று சுப்பையன் எதிர்பார்க்கவில்லை. அவன் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, யாரையும் கூப்பிடாமல், தானே லாரியில் ஏற முயன்றான். முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள்.

பொள்ளாச்சி தாண்டி, ஆனைமலை தாண்டி, சேத்துமடையில் காட்டிலாகா செக்போஸ்டில் லாரி நின்றது. ராசாத்தாள் மடியிலிருந்து அந்தப் பழைய காகிதத்தை எடுத்துச் சுப்பையனிடம் கொடுத்தாள். அவன் இறங்கிப்போய் இரண்டு கையாலும் அங்கே காவலிருந்த பாரஸ்ட் கார்டிடம் நீட்டினான்.

“என்னய்யா இது?”

“வர்றவங்க பேருங்க. கையெழுத்து, கைநாட்டு எல்லாம் இருக்குதுங்க. இதுல பதினோரு பேருதான் வந்திருக்கறமுங்க.”

கார்டு காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். “இதெல்லாம் எதுக்கு? லாரி நம்பரும் ஆள் எத்தனன்னும் எழுதிட்டுப் போங்க. கைநாட்டு வேணும்னு யார் சொன்னது?”

எல்லோரும் அரங்கசாமியைப் பார்த்தார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப எனக்கும் சரியாத் தெரியாதுங்க” என்றார். “தெரிஞ்சவனாட்டம் சொல்லிப்போட்டேன்.”

சீனிவாசலு லாரியின் பின்பக்கத்திலிருந்து எப்படி இறங்கினான் என்று யாரும் பார்க்கவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, அரங்கசாமியின் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்துத் தள்ளினான். இருவரும் புழுதியில் விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் சீனிவாசலு அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, ஊன்றுகட்டையைக் குறுக்கே வைத்துத் தொண்டையை அழுத்தினான். அரங்கசாமியின் கண்கள் பிதுங்கின. அவர் கையை ஓங்கவே இல்லை. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு அப்படியே கிடந்தார்.

சுப்பையன் போய்க் கட்டையைப் பிடித்தான். “மாப்ள, உடு. செத்துப்போயிருவாரு.”

“சாவட்டும்.”

“இவரு வாயி ஒளறிப்போட்டாரு. என் வாயும்தான் ஒளறிச்சு. என்னைய உட்டியே.”

சீனிவாசலு அழுத்திக்கொண்டே இருந்தான். பிறகு கையைத் தளர்த்தினான். உருண்டு மண்ணில் மல்லாந்து படுத்து, மூச்சு வாங்கினான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் சுப்பையனிடம் பேசிய பேச்சு ‘சாவட்டும்’ என்ற அந்த ஒரு வார்த்தைதான். கார்டு கோபமாக ஓடிவந்தார். “அடிச்சுக்கறதுன்னா இப்பிடியே திரும்பிப் போங்க!” என்றார். ராசாத்தாள் அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டு, கெஞ்சி, கம்பத்தைத் தூக்கவைத்தாள். அரங்கசாமி இருமிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

டாப்சிலிப் தாண்டி, அணை வேலைக்காகப் புதிதாகப் போட்ட மண்சாலையில் போய், பிறகு ஒரு மைல் நடந்தார்கள். சீனிவாசலுவை முறைபோட்டுச் சுமந்தார்கள். சுப்பையன் முறை வந்தபோதும் அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மரம் இருந்தது. அரங்கசாமி அந்த விஷயத்தில் ஒன்றும் பொய் சொல்லவில்லை. தேக்குதான், ஆனால் அவர்களுக்குத் தெரிந்த எந்தத் தேக்கையும்போல இல்லை. அடிமரம் ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு எழுந்து போயிற்று. பெண்கள் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் பட்டையில் நெற்றியை வைத்துக் கும்பிட்டார். ராசாத்தாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு சுற்று நடந்துவந்து, “நிசமாலுமே இருக்குதுங்க” என்றாள். அவள் இதுவரைக்கும் நம்பவில்லை என்பது சுப்பையனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் வேரின்மேல் உட்கார்ந்தான். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தான். வந்தது வேறு. ரோட்டில் விழுந்து கிடந்த அம்புஜத்தின் திறந்த கண்கள் வந்தன. கட்டுச்சோற்றைப் பிரித்துக் கொடுத்தார்கள். அவனால் இரண்டு வாய்க்குமேல் இறக்க முடியவில்லை.

திரும்பி வந்த மறுவாரம் அவன் விசாரித்துக்கொண்டு கோபிசெட்டிபாளையம் போனான். தாடை கோணிப்போன நரசிம்மலுவை மில் வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. கோபிக்கு வெளியே அம்புஜத்தின் அண்ணன் வாழைத்தோட்டத்தில் இருவரும் குடியிருந்தார்கள். அவன் போனபோது அம்புஜம் வாசலில் வாழையிலை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்ததும் கை நின்றது. உள்ளேயிருந்து நரசிம்மலு இலை அறுக்கும் கத்தியோடு வெளியே வந்தார். வாயிலிருந்து சொற்கள் சரியாக வரவில்லை, கத்தியை ஓங்கினார். அம்புஜம் தெலுங்கில் ஏதோ அதட்டினாள். அவர் கத்தியைக் கீழே போடவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டார்.

“அடிச்சாலும் வாங்கிக்கறனுங்க. அதுக்குத்தான் வந்தேன்” என்றான் சுப்பையன்.

அம்புஜம் கையிலிருந்த இலைக்கட்டைக் கீழே வைத்தாள். பிறகு, “மரத்தப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“பாத்தேனுங்க.”

“உங்க ஊட்டம்மா குழாயடியில எங்கிட்டயும் கேட்டாங்க, வாரீங்களான்னு. எனக்கு ஆசைதானுங்க. மரம் பாக்கத்தான் போறாங்கன்னு இவருகிட்ட நான் அப்பவே சொன்னேன். அவங்களுக்குப் பரிஞ்சுட்டு வாரயான்னு கேட்டு, எனக்கும் ரெண்டு உழுந்துச்சு.” அவள் விலாவில் கையை வைத்துக்கொண்டாள். “இருமுனா இன்னும் வலிக்குதுங்க. மன்னிக்கறதெல்லாம் எனக்குச் சொல்ல வராது. பஸ்ஸுக்கு நேரமாச்சு, போங்க.”

சுப்பையன் கும்பிட்டுவிட்டு வந்தான். வீட்டில் ராசாத்தாளிடம் ஒன்று விடாமல் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே கடலைத்தோலைப் புடைத்து முடித்தாள்.

“நீங்க இனி அங்க போவாதீங்க. நான் ஒருக்கா போயிப் பாத்துட்டு வாரேன்” என்றாள்.

மாசி மாதம் அவள் தனியாகப் போனாள். பொழுதோடு திரும்பி வந்தாள். இரண்டு பெண்களும் என்ன பேசினார்கள் என்று சுப்பையன் கேட்டான். அவள் சொல்லவில்லை. அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை போய்வந்தாள். எப்போதும் அவள் மட்டும்தான் போனாள்.